பக்கத்து வீட்டுப் பெண்களை “சைனா” என்று கூப்பிடுவது இனவெறியா, இல்லையா?

வேளச்சேரி வாசி

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பத்து நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. யார் சொல்வது சரி என்று எனக்கே குழம்பிப்போய்விட்டது, அதனால் இங்கே கேட்கிறேன்.

மூன்றாவது மாடியில் மிசோரம் பெண்கள் இருவர் வாடகைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இருவரும் நர்ஸ், பாதி நாள் நைட் ஷிப்ட். முதல் மாடிப் பெரியவர் ஒருவர் அவர்களை எப்போது பார்த்தாலும் “என்னம்மா சைனா, டூட்டி முடிஞ்சுதா?” என்றுதான் கேட்பார். கெட்ட மனிதர் கிடையாது. என் மாமியார் மயங்கி விழுந்த அன்று ஆட்டோ பிடித்துக்கொண்டு கூடவே வந்தவர் அவர்தான். ஆனால் அவரைப் பார்த்துவிட்டு, கீழே கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் அந்தப் பெண்கள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டி “சிங் சாங்” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். என் மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். ஒன்பது வயது அவனுக்கு. பால்கனியிலிருந்து பார்த்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

வாட்ஸப் குழுவில் எழுதினேன், இது இனவெறி, நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். “அவர் பாசமாகக் கூப்பிடுகிறார், அந்தப் பெண்களே சிரிக்கிறார்கள், உங்களுக்கு என்ன?” என்று ஒருவர். “அமெரிக்காவில் போலீஸ் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றார்களே, அதுதான் இனவெறி, இதெல்லாம் சாதாரணப் பேச்சு” என்று இன்னொருவர். வீட்டுக்கு வந்தால் கணவர், “உங்க அம்மா நம்ம பெண்ணைக் கருப்பி, கருப்பின்னு கூப்பிடும்போது நீ ஒன்றும் சொல்லவில்லையே” என்கிறார். உண்மைதான், சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் பேசுவது, பிள்ளைகள் செய்வது, என் அம்மா கூப்பிடுவது, மூன்றும் ஒன்றுதானா? ஒன்று இல்லை என்றால் எங்கே கோடு போடுவது?

டெல்லியில் ஏழு வருஷம்

கோடு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் அடி வாங்கியவனுக்கு அது எங்கே விழுந்தது என்று தெரியும். 2008இலிருந்து 2015 வரை டெல்லி முனிர்காவில் இருந்தேன். என் தெருவில் மணிப்பூர், நாகாலாந்து மாணவர்கள் நிறைய. அவர்களுக்கு “சிங்கி” என்று பெயர், எனக்கு “மதராசி”. வீட்டுக்காரர் என்னிடம் நன்றாகத்தான் பழகினார், ஆனாலும் ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியா, அவருடைய முடியை ஒரு கடையில் கேலி செய்தார்கள், அவர் கோபத்தில் கண்ணாடியை உடைத்தார், அடித்தார்கள், மறுநாள் உயிர் போய்விட்டது. அதுவும் சாதாரணப் பேச்சில்தான் ஆரம்பித்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் இருந்த பையன்கள் மெழுகுவர்த்தியோடு போனபோது நானும் போனேன், அதுவரை அவர்களோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

2017இல் பாஜகவின் முன்னாள் எம்.பி. தருண் விஜய் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் எப்படித் தென்னிந்தியர்களோடு வாழ்கிறோம், எங்களைச் சுற்றிக் கருப்பர்கள் இருக்கிறார்களே என்கிற மாதிரிப் பேசினார். கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை அடித்ததற்கு விளக்கம் சொல்ல வந்த இடத்தில் இந்தப் பேச்சு. அப்புறம் மன்னிப்புக் கேட்டார். அன்று சென்னையில் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது, எனக்கும்தான். ஆனால் ஊர் திரும்பிப் பார்த்தால் டீக்கடையில் “வடக்கன்” என்று, கட்டட வேலை செய்கிற பையன் காதுபடவே பேசுகிறார்கள். மதராசி என்றால் வலிக்கிறது, வடக்கன் என்றால் வலிக்காதா?

பழைய மாம்பலம்

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், கோபப்படாமல் படியுங்கள்.

எங்கள் பாட்டி என்னைக் கருப்பா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் குலசாமியே கருப்பசாமி. கருத்தம்மா, கருப்பையா என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஊர் நம்முடையது. வெள்ளைக்காரன் தேசத்தில் ஒரு சொல்லுக்கு இருக்கிற ரத்தக் கறையை அப்படியே எடுத்து வந்து நம் பாட்டிகளின் வாயில் பூசக் கூடாது.

இனவெறி என்றால் என்ன என்று பார்க்க இந்த ஊரிலேயே இடம் இருக்கிறது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கருப்பர் நகரம் என்று வரைபடத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இன்று நாம் பாரிமுனையில் இறங்கி நடக்கிற ஜார்ஜ் டவுன்தான் அந்தக் கருப்பர் நகரம், 1911இல்தான் இந்தப் பெயர் வந்தது. சட்டம், துப்பாக்கி, வரி எல்லாம் ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கத்தை ஒதுக்குவது, அது இனவெறி. முதல் மாடித் தாத்தா அறியாமையில் பேசுவதையும் அதையும் ஒரே பெயரில் அழைத்தால், நிஜமாகவே அடி விழும்போது சொல்வதற்கு வார்த்தை மிச்சமிருக்காது.

வடக்கன் விஷயமும் அப்படியே. வங்கியில் தமிழில் பேச ஆளில்லை என்கிற கோபம், இந்தியைத் திணிக்கிறார்கள் என்கிற கோபம், இவற்றுக்கு நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டுவது மட்டும் தப்பு, அதைக் கண்டிக்க வேண்டியது பெற்றோர்.

பெரம்பூர்க்காரன்

வழக்கமாக இந்த மாதிரி விவாதத்தில் எழுத மாட்டேன். இன்று எழுதியே ஆக வேண்டும் போல இருக்கிறது.

என் அப்பா நேபாளி. எண்பதுகளில் சௌகார்பேட்டைக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர். அம்மா வியாசர்பாடி. நான் பிறந்தது, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தது எல்லாம் இங்கேதான். நேபாளி மொழியில் எனக்கு எண்ணத் தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முகம் அப்பாவுடையது.

தினமும் யாராவது ஒருவர் “தமிழ் நல்லா பேசுறீங்களே” என்பார். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷமாக அதே பாராட்டு. வீடு பார்க்கும்போது போனில் எல்லாம் சரியாக இருக்கும், அட்வான்ஸ்கூடப் பேசி முடித்துவிடுவோம், நேரில் போய் நின்றால் “இப்பதான் ஒருத்தர் டோக்கன் கொடுத்துட்டுப் போனார்” என்பார்கள். கடைசியில் என் மனைவியை மட்டும் தனியாக அனுப்பி வீடு பிடித்தோம். 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முந்தின வாரம், பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டே வந்தார். பின்னாலிருந்து ஒருவன் “கொரோனா” என்று கத்தினான், சிரித்தார்கள். எனக்கு மட்டும் நடந்ததல்ல இது, வடகிழக்கு மக்களை அப்படித் துன்புறுத்துவதைத் தடுங்கள் என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

மாம்பலம் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாட்டி கருப்பா என்றால் நீங்கள் “போ கிழவி” என்று சொல்லிவிட்டு அவள் மடியிலேயே படுத்துக்கொள்ளலாம். அந்த நர்ஸ் பெண் அப்படித் திருப்பிச் சொல்ல முடியுமா? “அந்தப் பெண்களே சிரிக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னாராமே, நானும் ஆயிரம் தடவை சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவன் என்று வீட்டுக்காரர் காதுக்குப் போகும், பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிடித்திருப்பதால் யாரும் சிரிக்கவில்லை.

உயர்நீதிமன்றம் எதிரில்

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஐந்தையும் வரிசையாகச் சொல்லி இவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. கடை, உணவகம், குளம், சாலை இவற்றில் தனி மனிதர்களும் யாரையும் தடுக்கக் கூடாது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை, பெரம்பூர் நண்பருக்கு நடந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

மாம்பலம் நண்பர் நோக்கத்தைப் பார்க்கச் சொல்கிறார். 1965இல் ஐநா கொண்டுவந்த இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் இந்தியாவும் 1968இல் சேர்ந்தது. அதில் உள்ள விளக்கம், பாகுபாட்டின் நோக்கம் அல்லது விளைவு, இரண்டில் எது இருந்தாலும் போதும் என்கிறது. அதே விளக்கத்தில் நிறம், வம்சாவளி என்பவையும் உண்டு. இந்த வம்சாவளி என்ற சொல்லில் சாதி அடங்குமா என்று 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐநா இனவெறி எதிர்ப்பு மாநாட்டின்போது பெரிய சண்டையே நடந்தது, இந்திய அரசு சாதி வேறு, இனம் வேறு என்று கடைசி வரை பிடிவாதமாக நின்றது. என்னைக் கேட்டால் அந்த நிலைப்பாடு தப்பு. “வெஜிடேரியன் ஒன்லி” என்று டூலெட் போர்டு வைக்கிறவர் சமையல் வாசனையை மட்டுமா நினைக்கிறார்?

நிடோ தானியா இறந்த பிறகு, வடகிழக்கு மக்கள் படுகிற பாட்டை ஆராய மத்திய அரசு பெஸ்பரூவா குழு அமைத்தது, 2014 ஜூலையில் அறிக்கை வந்தது. தோற்றத்தை வைத்து இழிவாகப் பேசுவதைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவுகள் சேர்க்கச் சொன்னது. சேர்க்கவே இல்லை. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்தில், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று இருக்கிறது. ஆள் செத்த பிறகு வருகிற பிரிவு அது.

மடிப்பாக்கம் அம்மா

கேட்டவர் அம்மாவைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு மட்டும் பதில்.

நானும் கருப்புதான். பாட்டி கூப்பிட்டது பாசம் என்றே வைத்துக்கொள்வோம். அதே பாட்டிதான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் “கருப்பா இருந்தாலும் களையா இருப்பா” என்றாள். அந்த “இருந்தாலும்” எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் டான்ஸில் நன்றாக ஆடியும் இரண்டாவது வரிசையில் நின்றது எதனால் என்று அந்த வயதிலேயே தெரியும். நம்ம ஊர் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், இந்திய அணிக்கு ஆடியவர், அவரே 2017இல் தன் நிறத்தைப் பற்றி மக்கள் பேசியதை எல்லாம் ட்விட்டரில் எழுதினார். 2009இல் கருப்பே அழகு என்று இயக்கம் ஆரம்பித்ததும் இதே சென்னையில்தான். 2020இல் அந்த முகக்கிரீமின் பெயரிலிருந்து “ஃபேர்” போய் “க்ளோ” வந்தது, கடையில் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அம்மாவிடம் பேசுங்கள். பெண் கண்ணாடி பார்க்கிற வயசுக்கு வருவதற்குள் பேசுங்கள்.

பழைய மாம்பலம்

பெரம்பூர் தம்பி எழுதியதை நேற்று இரவே படித்தேன், உடனே பதில் எழுத முடியவில்லை.

வார்த்தையைப் பற்றி நான் சொன்னதில் பாதியை இன்னும் நம்புகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது. ஆனால் என் மாடி வீட்டை வட இந்தியர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று புரோக்கரிடம் நானும் சொல்லி வைத்திருக்கிறேன். மொழி தெரியாதவரோடு மோட்டார் ரிப்பேர், தண்ணி என்று பேச முடியாது என்பதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். தம்பி போல நல்ல தமிழில் ஒருவர் வந்து நின்றிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். முகத்தைப் பார்த்ததும் டோக்கன் போய்விட்டது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

டெல்லியில் ஏழு வருஷம்

மாம்பலம் அண்ணா, இதை எழுத மனசு வேண்டும். ஒன்று மட்டும், இந்தித் திணிப்பை எதிர்க்கிறதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் திணிக்கிறவன் டெல்லியில் உட்கார்ந்திருக்கிறான், சித்தாள் வேலைக்கு வந்தவன் தலையில் அதை இறக்கக் கூடாது. 2023 மார்ச்சில் இங்கே பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, தமிழக போலீஸும் முதல்வரும் இது பொய் என்று சொல்லியும் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினவர்கள் உண்டு. டீக்கடைப் பேச்சு தினமும் காதில் விழுகிறவனுக்கு அந்தப் பொய்யை நம்புவது சுலபம்.

வேளச்சேரி வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மூன்றாவது மாடிக்குப் போனேன். எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மகனையும் கூட்டிப்போனேன், அவன் சாரி சொன்னான். ஒருவர் அவனுக்கு பிஸ்கட் கொடுத்தார்.

பெரியவர் கூப்பிடுவது வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தயங்கித் தயங்கிக் கேட்டார், ஞாயிறு அன்று சம்ப் கழுவுகிறார்கள், தண்ணீர் வராது என்று மற்றவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது, எங்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை என்று. நைட் ஷிப்ட் முடிந்து வந்து குழாயைத் திறந்தால் காற்று வருமாம், மூன்று தடவை அப்படி ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து வாட்ஸப் குழுவைத் திறந்து எண்களைப் பார்த்தேன். வாடகைக்கு இருக்கிற ஏழு வீட்டில் ஆறு வீட்டில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், இவர்கள் இல்லை. இனவெறியா இல்லையா என்று பத்து நாள் அந்தக் குழுவில்தான் சண்டை போட்டிருக்கிறோம், நானும் கவனிக்கவில்லை. இரவே செயலாளரிடம் பேசி இருவர் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். காலையில் சேர்த்துவிட்டார். முதல் மாடிப் பெரியவரிடம் இன்னும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன் நேரில் போய்ப் பேசப்போகிறேன். அந்தப் பெண்களில் ஒருவருக்கு அன்று டூட்டி, இன்னொருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.