அப்பா உறுப்புக்கொடை உறுதிமொழியைத் திரும்பப் பெற விரும்புகிறார். உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடையளித்த செய்தியைப் படித்த நாள் முதலே தம் உறுப்புகளையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவந்த என் அப்பா, பின்னர் முறையாகப் பதிவும் செய்தார். சென்ற ஆண்டு அவருடைய நெருங்கிய நண்பர் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தே இறந்துபோனார். பணமுள்ளவர்களுக்கே உறுப்பு கிடைக்கிறது என்று நம்பும் அப்பா, அதைக் கண்டித்துத் தம் உறுதிமொழியைத் திரும்பப் பெறப்போவதாகக் கூறுகிறார்.

அவருடைய உடல் அவருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எதிர்ப்பின் சுமை, தவறிழைத்தவர்கள் மீது விழாமல், அவருடைய நண்பரைப் போலவே வரிசையில் காத்திருக்கும் முகமறியாத ஒருவர் மீது விழுமே என்று மனம் பதறுகிறது. நம் நாட்டு நடைமுறையில், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூளைச்சாவுக்குப் பின் குடும்பத்தாரிடமே சம்மதம் கேட்பார்கள். அப்போது என்னைக் கேட்டால், அவர் மறுத்ததை நான் கொடுப்பது துரோகம் என்றே கருதுகிறேன்.

உறுதிமொழியை முறைப்படி திரும்பப் பெற்றவர்கள் யாரேனும் இருந்தால் வழிமுறையைச் சொல்லுங்கள். கொடையைக் கைவிடாமலே இந்தக் கோபத்தை அரசிடம் எழுத்தாகக் கொண்டுசென்றவர்கள் இருந்தால், யாரிடம் மனு அளித்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். அவர் முடிவெடுக்குமுன் அதை அவரிடம் காட்ட விரும்புகிறேன்.