மின்னல் எச்சரிக்கையும் சின்னப் பிள்ளைகளின் ரக்பியும்: கூரைக்கீழ் என்ன செய்வது?

வணக்கம். சிங்கப்பூரில் பிடோக் பக்கம், ஞாயிறு காலை 9 மணிப் பயிற்சி. 8 வயதுக்குட்பட்டோர் 24 பேர், 3ஆம் எண் அளவுப் பந்து, டேக் ரக்பி (ஆளைப் பிடித்து வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் ‘டேக்’ பட்டையைப் பறிக்கும் ஆட்டம்) மட்டும். மழையும் மின்னலுமாகச் சுமத்ரா சூறைக்காற்று வீசும் காலைகளில் மழை விட்டாலும் மின்னல் எச்சரிக்கை உடனே நீங்குவதில்லை. அது நீங்கும்வரை திடலில் கால் வைக்க முடியாது. ரத்துச் செய்தி போகும்போது பாதிக் குடும்பங்கள் எம்ஆர்டி ரயிலில் இருக்கும்.

8 மணிக்கு மாற்றிப் பார்த்தோம். அந்தக் காற்று விடியலிலேயே வந்துவிடுவதால் பயனில்லை. மாலை என்றால் இடிமழை. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் பந்தாட்டத்துக்குத் தடை. சமூக மன்ற மண்டபத்தை முன்பதிவு செய்தால் வெயிலடிக்கிறது, கட்டணம் போச்சு!

மிஞ்சுவது கூரையிட்ட கூடைப்பந்துத் திடல்தான். சிமெண்டுத் தரை என்பதால் அடியில் குமிழ்கள் உள்ள ஸ்டட் காலணி வழுக்குகிறது, சாதாரணக் காலணி கொண்டுவரச் சொல்லிவிட்டோம். ஆனால் டேக்கைப் பறிக்கப் பாயும் பிள்ளைக்கு முட்டி சிராய்க்கிறது. டிரை வைக்க (புள்ளிக்காகக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்க) குனிபவனும் அப்படியே விழுகிறான். வரிசையில் நிறுத்திப் பந்து கடத்தவிட்டால் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறார்கள்.

ஒரே கூடைப்பந்துத் திடலுக்குள், பாயாமல், விழாமல், 24 பிள்ளைகளையும் 40 நிமிடம் ஓட வைக்கும் டேக் ஆட்டங்கள் உங்கள் கழகத்தில் எவை?