ஈர ஓடுபாதையில் மெத்தென்று இறக்கினால் என்ன ஆபத்து?

சிறகடி:
மழையில் ஓடுபாதை நனைந்திருந்தால் சக்கரங்களை அழுத்தமாகப் பதியவைத்து இறக்கச் சொல்கிறார்கள். ஸ்பாய்லர் (இறக்கைமேல் விரியும் தகடு), ரிவர்ஸ் (இன்ஜின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது), ஆன்டி-ஸ்கிட் பிரேக் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடிப்பது) எல்லாம் இருக்கும்போது, தொடும் விதத்தால் அப்படி என்ன வந்துவிடும்? ரிவர்ஸ் ஒன்றே போதாதா?

கிழக்குக்காற்று:
தேங்கிய நீர்மேல் டயர் வேகமாகப் போகும்போது, நீர் விலக நேரம் கிடைக்காமல் டயரையே தூக்கிவிடும். அந்த வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: டயர் காற்றழுத்தத்தின் (பிஎஸ்ஐ அலகில்) வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). 200 பிஎஸ்ஐ என்றால் சுமார் 127 நாட். தொடும் வேகம் பெரும்பாலும் அதற்கு மேல்தான்.

பழைய_ஹேங்கர்:
ஒரு திருத்தம். 9 என்பது ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் டயருக்கு. தரையைத் தொடும் கணத்தில் டயர் சுழலவே இல்லை, அதற்கு 7.7 போட வேண்டும். அதே 200 பிஎஸ்ஐக்கு 109 நாட்தான் வரும். அதாவது சக்கரம் முதலில் சுழலத் தவறினால், வேகம் 109க்கு இறங்கும்வரை வழுக்கிக்கொண்டே போகலாம். அழுத்தமாக இறக்குவது நீர்ப்படலத்தைக் கிழித்துச் சக்கரத்தைச் சுழலவைக்கத்தான்.

சக்கரம் சுழலாவிட்டால் மற்றவையும் காத்திருக்கும். 1993 செப்டம்பர் 14, வார்சா, லுஃப்தான்சாவின் ஏ320 விமானம். அதில் ஸ்பாய்லர் விரிய, இரண்டு பக்க முதன்மைச் சக்கரக் கால்களும் அமுங்கியிருக்க வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் வேகத்தில் சுழல வேண்டும். ரிவர்ஸுக்கோ இரண்டு கால்களும் அமுங்கியே ஆக வேண்டும். பக்கக்காற்றுக்காகச் சாய்த்து இறக்கியதால் வலது கால் முதலில் தொட்டது; இடது கால் பதிய சுமார் 9 விநாடி ஆனது. அதுவரை ஸ்பாய்லரும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. இருவர் இறந்தார்கள். 'ரிவர்ஸ் போதாதா' என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

மூன்றாம்_பங்கு:
தொடும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 140 நாட் என்றால் விநாடிக்கு 72 மீட்டர். மெத்தென்று இறக்க 5 விநாடி மிதந்தால் 360 மீட்டர் போச்சு. புறப்படும் முன் போடும் கணக்கில் இறங்கத் தேவையான தூரத்தோடு ஈரத்துக்காகக் கூட்டும் 15 சதவீதம் இப்படியே கரைந்துவிடும். பின்காற்று இன்னும் மோசம்: தரைவேகம் 140லிருந்து 150 ஆனாலே பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 15 சதவீதம் கூடும்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் தொட்டார்கள்; பின்காற்றும் இருந்தது. 21 பேர் இறந்தார்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அல்லது 900 மீட்டருக்குள், எது குறைவோ அதற்குள் தொட முடியாது என்று தெரிந்தால் கோ-அரவுண்ட்தான் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது). இதில் பேச்சுக்கே இடமில்லை.

சிறகடி:
புரிந்தது. 'ஈரம்' என்று மட்டும் தகவல் வந்தால் அதை எவ்வளவு நம்பலாம்?

பழைய_ஹேங்கர்:
நீர் 3 மி.மீ. வரை இருந்தால் 'ஈரம்', ஓடுபாதை நிலைக் குறியீடு 5 (எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம்). அதைத் தாண்டினால் தேங்கிய நீர், குறியீடு நேரே 2க்கு விழும். கனமழையில் சில நிமிடங்களிலேயே இது மாறிவிடும், கையில் இருக்கும் அறிக்கை பழையதாகியிருக்கும். முன்னால் இறங்கிய விமானி பிரேக் பற்றிச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். தொடும் பகுதியில் படிந்த டயர் ரப்பரும் ஈரத்தில் வழுக்கும்.

தொட்டவுடன் பார்க்க வேண்டியது ஸ்பாய்லர். அது விரிந்தால்தான் இறக்கையின் தூக்குவிசை போய், எடை சக்கரத்தில் ஏறும். தானாக வரவில்லை என்றால் லிவரைக் கையால் இழுக்க வேண்டும். ரிவர்ஸைத் திறந்த பிறகு கோ-அரவுண்ட் கிடையாது.