புத்தர் வழியில் முதல் அடி: உங்களுக்கு எங்கிருந்து தொடங்கியது?

பெரும்பாலானவர்கள் தியானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். மூக்கு நுனியில் மூச்சைக் கவனி, ஒன்று முதல் பத்து வரை எண்ணு, தவறினால் மறுபடி ஒன்று. நான்கைத் தாண்டுவதற்குள் மனம் எங்கேயோ போய்ப் பழைய சண்டைக்குப் புதிய பதில் தயாரித்துக்கொண்டிருக்கும். இதை எல்லாரும் பட்டிருப்பீர்கள், விடுங்கள். எனக்கு விஷயம் பிடிபட்டது பஞ்சசீலத்தில், அதாவது ஐந்து ஒழுக்கங்களில். அதிலும் நான்காவதில்.

உயிரைக் கொல்லாமல், கொடாததை எடுக்காமல், தவறான காமத்தில் இறங்காமல், பொய் பேசாமல், போதைப் பொருளைத் தொடாமல் இருப்பது. யாரும் மேலிருந்து போட்ட கட்டளை இல்லை, நாமாக எடுத்துக்கொள்ளும் பயிற்சி. மற்ற நான்கும் என் அன்றாடத்தை அவ்வளவாகத் தொடவில்லை. பொய் அப்படி இல்லை. காலையில் எடுத்த உறுதி முதல் போன் அழைப்பிலேயே ஆட்டம் கண்டது.

"எங்க இருக்கீங்க?" என்று கேட்டார் எனக்காகக் காத்திருந்தவர். ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தேன். "வந்துட்டே இருக்கேன்" என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால் வயிற்றில் ஒரு சின்ன இறுக்கம். திட்டு விழுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. "இன்னும் கிளம்பலைங்க, முக்கால் மணி நேரம் ஆகும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. அப்புறம், "சரி, அதுக்குள்ள இன்னொரு வேலையை முடிச்சிடறேன்." அவ்வளவுதான்!

மூச்சில் பிடிபடாத கவனம் அந்த இறுக்கத்தில் பிடிபட்டது. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆம் சூத்திரத்தில் புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொல்வதும் இதுதான். பாத்திரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரைக் காட்டி, தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனின் துறவு இவ்வளவுதான் என்கிறார். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். பிறகு கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பதுபோல, ஒன்றைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்த்துக்கொள் என்கிறார். உடலால் செய்வதற்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் எண்ணத்துக்கும்கூட. தானம், சீலம், அப்புறம்தான் தியானம் என்று மரபில் ஒரு வரிசை உண்டு. இப்போது பலரும் நேராக மூன்றாவதுக்குத் தாவிவிட்டு, மனம் நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். உண்மை பேசுகிறேன் பேர்வழி என்று எல்லாரையும் குத்திக்கொண்டு திரிவது சீலம் ஆகாது. புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் பேச்சைப் பற்றிய பகுதியான நல்வாய்மையில் பொய்யோடு கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு மூன்றையும் சேர்த்தே விடச் சொல்லியிருக்கிறது. வெட்டிப்பேச்சில் நான் இன்னும் கைவைக்கவே இல்லை.

*

மேலே எழுதியவருக்கு: கொல்லாமை என்ற முதல் சீலம் அன்றாடத்தைத் தொடவில்லையா? உங்களைக் கொசு கடிப்பதில்லை போலிருக்கிறது! தெரியாமல் மிதித்தால் சீலம் உடைந்ததா என்று ஒரு பிக்குவிடம் (பௌத்தத் துறவியிடம்) கேட்டேன். உயிர் இருக்கவேண்டும், உயிர் என்று தெரிந்திருக்கவேண்டும், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு, இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் என்றார். கொசுவைப் பொறுத்தவரை எனக்கு ஐந்தும் சேர்ந்துவிடும் போலத் தோன்றியதால் வலை வாங்கிவிட்டேன்.

*

நான் எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா முகாம் வழியாக வந்தவன். அங்கேயும் பஞ்சசீலத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மூச்சையே கற்றுத்தருகிறார்கள். முதல் மூன்று நாள் மூக்குப் பகுதியில் மூச்சு மட்டும். நான்காம் நாள் விபஸ்ஸனா, அதாவது உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனிப்பது, தொடங்கும். அதிலிருந்து தினம் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரவேண்டும். காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். முழங்கால் வலி தணலாகக் காயும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே கட்டியான வலி துடிப்பு, சூடு, அழுத்தம் என்று பிரிந்து, இடம் மாறிக்கொண்டே இருப்பது தெரியும். அநித்தியம், அதாவது எதுவும் நிலையில்லை என்று படித்ததை அங்கேதான் உடம்பில் பார்த்தேன்.

பேசாமலே இருந்தால் பொய்யும் வராது என்பது முகாமில் கடைப்பிடிக்கும் மௌனத்துக்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. உண்மைதான். பத்தாம் நாள் மௌனம் கலைந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாரும் அவரவர் வலியைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கட்டணம் கிடையாது, முன்னால் முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கவேண்டாம். பத்து நாள் உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது.

*

மன்னிக்கவேண்டும், எனக்குச் சீலமும் இல்லை, தியானமும் இல்லை. அம்மா போன பிறகு எதிலும் ஒட்டாமல் இருந்தபோது, புத்தரின் முதல் பேருரை கண்ணில் பட்டது. பிறப்பு துக்கம், மூப்பு துக்கம், நோய், சாவு. அப்புறம் பிரியமானதைப் பிரிவது துக்கம். அழுதுகொண்டே படித்தேன். பிடிக்காததோடு சேர்ந்திருப்பதும் துக்கம் என்று அதே பட்டியலில் இருந்தது. என் அலுவலகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஆறுதல் சொன்னவர்களெல்லாம் "எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். இவர் ஒருவர்தான் ஆமாம், வலிக்கும், அதற்குக் காரணம் உண்டு, முடிவு உண்டு, வழியும் உண்டு என்றார்.

குழு எதுவும் பக்கத்தில் இல்லை. புத்தர், அவர் போதனையான தம்மம், துறவிகளின் சங்கம் ஆகிய மூன்றையும் அடைக்கலமாக ஏற்று மும்முறை சரணம் சொல்ல சாட்சிக்கு ஆள் வேண்டுமா என்று யோசித்துவிட்டு, தனியாகவே சொன்னேன். சாமி அறையை எதுவும் செய்யவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. தியானத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் போதுமா என்பது மட்டும் யாராவது சொல்லுங்கள், எனக்கு முதுகு சரியில்லை.