சுடுதடையா, சுடுநிலைத் தடையா?

வணக்கம்.

வீட்டு மின்சாதனங்களைச் சோதிக்கும் கையேட்டு வரைவில் ‘மின்தடை’ என்ற ஒரே சொல்லை இரண்டு அளவுகளுக்குப் போட்டிருக்கிறோம். இதைப் பிரித்தே ஆக வேண்டும்.

230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 0.26 ஆம்பியர் இழுக்கிறது. 230-ஐ 0.26-ஆல் வகுத்தால் சுமார் 885 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை வைத்தால் 65 ஓம் அளவில்தான் காட்டும். அணைத்த கையோடு வைத்தால் எண் மளமளவென்று இறங்குவதையே பார்க்கலாம். டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடையும் ஏறுவதால் இரண்டுமே சரியான அளவுகள். ஆனால் படிப்பவர் 65-ஐ எடுத்து, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் 814 வாட் வந்து நிற்கும். சூத்திரம் சரி, பெருக்கல் வகுத்தலும் சரி; எந்தத் தடை என்று நாம் சொல்லவில்லை.

சுடுநீர், தண்ணீர் போலச் ‘சுடுதடை’, ‘தண்தடை’ என்று வைக்கலாமா?

—

ஐயா, பிரிக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. ‘சுடுதடை’ மட்டும் வேண்டாம். தடை என்றதும் விலக்கு என்ற பொருளும் கூடவே வந்துவிடும். சுடுவதற்குத் தடை என்று படிப்பார்கள். ‘சுடுநிலைத் தடை’, ‘குளிர்நிலைத் தடை’ என்றால் ஒரே பொருளின் இரு நிலை என்பது சொல்லிலேயே தெரியும்.

முன்னால் ‘மின்’ சேர்க்காததற்கும் காரணம் உண்டு. ‘நாளை மின்தடை’ என்று செய்தித்தாளில் வந்தால் கரண்ட் இருக்காது என்றுதான் தமிழ்நாட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். கையேட்டிலேயே ‘மின்தடை ஏற்பட்டால் சுவிட்சை அணைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது! அதை ‘மின்வெட்டு’ ஆக்கிவிடுங்கள். இலங்கைப் பாடநூல்களில் வெறும் ‘தடை’ என்றே புழங்குகிறது. அங்கே மின்திறன் ‘வலு’ என்பதால் முதல் இடத்தில் அதையும் ஒருமுறை குறித்தால் நல்லது.

விளக்கத்தில் அளக்கும் முறையும் வர வேண்டும். சுடுநிலைத் தடை: சாதனம் ஓடும்போது அதன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை அப்போதைய மின்னோட்டத்தால் வகுத்தது. ‘அதன் முனைகளில்’ என்பதை விட்டுவிடாதீர்கள். போர்டில் அளந்தால் வயரில் விழும் அழுத்தமும் கணக்கில் ஏறிவிடும். குளிர்நிலைத் தடைக்கு இணைப்பைக் கழற்றி அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் முள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து வரும் அளவைக் கழிக்க வேண்டும், விரல் படக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு 1000 வாட் வாட்டர் ஹீட்டரையும் சேருங்கள். 230 வோல்ட்டில் 52.9 ஓம். நைக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பி என்பதால் சூட்டிலும் குளிரிலும் அதிக வித்தியாசம் இல்லை. வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கினால் மின்னோட்டமும் 3.78 ஆம்பியராகக் குறைந்து 756 வாட்தான் கிடைக்கும். பழைய 4.35 ஆம்பியரையே வைத்துப் பெருக்கி 870 என்று எழுதுவது வழக்கமான பிழை.

—

ஏற்கிறேன். ‘சுடுநிலைத் தடை’, ‘குளிர்நிலைத் தடை’ என்றே மாற்றுகிறேன். ஒரு வரம்பு மட்டும் சேர்க்கிறேன்: மின்விசிறி, மோட்டாருக்கு இந்தச் சொற்களை நீட்டக் கூடாது. அங்கே அப்படி வகுத்து வருவது மின்னெதிர்ப்பு (impedance), அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எழும் மொத்த எதிர்ப்பு. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதும் வாட் அல்ல, தோற்றத்திறன் (வோல்ட்-ஆம்பியர்). அதைத் திறன் காரணியால் (தோற்றத்திறனில் உண்மைத் திறன் எத்தனை பங்கு என்ற எண்) பெருக்கினால்தான் வாட்.