கம்பெனியே ஃபீஸ் கட்டுதாம், பாண்ட் போட சொல்றாங்க, பார்ட் டைம் பி.இ. சேரலாமுங்களா?

சிட்கோ பையன்:
அண்ணா எல்லாத்துக்கும் வணக்கமுங்க. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில 4 வருசமா இருக்கேன், மெஷின் ஷாப் சூப்பர்வைசர். நான் வேலை சொல்லிக் குடுத்த பையனே பி.இ.ங்கறதால இப்ப எனக்கு சார் ஆயிட்டான். சரி நாமளும் சாயங்காலம் பார்ட் டைம் பி.இ. படிக்கலாம்னு, கவர்மெண்ட் காலேஜ் ஜிசிடி கிடைச்சா ஜிசிடி, இல்லாட்டி சிஐடி காலேஜ். ஹெச்ஆர் கிட்ட சொன்னதுக்கு ஃபீஸ் பூரா நாங்களே கட்டறோம், ஆனா படிச்சு முடிச்சு 3 வருசம் இங்கதான் இருக்கணும், நடுவுல போனா ஒன்றரை லட்சம்னு பாண்ட நீட்டறாங்க, தொகை எழுதாத செக் ஒண்ணும் வேணுமாம். அப்பா ஓசில படிப்பு வருது போட்டுட்டு வாடாங்கறாரு. என்ன பண்ணட்டுங்க?

பழைய ஃபோர்மேன்:
தம்பி நானும் இப்படி படிச்சவன்தான், அதனால சொல்றேன், ஃபீஸ நெனச்சு மயங்காத. கவர்மெண்ட் காலேஜ் கிடைச்சா ஃபீஸ் உன் சம்பளத்துலயே கட்டலாம், உன்னைய கொல்லப்போறது ஷிப்ட். எனக்கு ரெண்டாவது செமஸ்டர்ல எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம்னு ஒன்றரை மாசம் செகண்ட் ஷிப்ட் போட்டுட்டாங்க, கிளாஸ் சாயங்காலம், நான் அந்நேரத்துக்கு லேத் முன்னாடி நிக்கறேன், அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சையே எழுத முடியல. ஃபீஸ் கட்டுனதும் அதே கம்பெனிதான், காலேஜ் போக விடாததும் அதே கம்பெனிதான். ஏழு செமஸ்டர், அதுக்கு மேல 3 வருசம், ஆறரை வருசம் ஆச்சு பாத்துக்க. அவங்க கிட்ட கேக்க வேண்டியது பணம் இல்ல, காலேஜ் நாள்ல பகல் நேர ஜெனரல் ஷிப்ட் மட்டுந்தான், பரீட்சைக்கு லீவுன்னு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கு. வாய்ல சொல்றதெல்லாம் மேனேஜர் மாறுனா காத்தோட போயிரும்.

கோர்ட் வராண்டா:
பாண்டே செல்லாதுன்னு சில பேரு அடிச்சு விடுவாங்க, நம்பாதீங்க ப்ரோ. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் விஜயா பேங்க் கேஸ்ல 3 வருசம், 2 லட்சம்னு போட்ட பாண்ட் செல்லும்னுதான் சொல்லுச்சு. அது பொதுத்துறை பேங்க், ஆள் எடுக்கற செலவ காரணமா காட்டுனாங்க, உங்க கம்பெனிக்கு அப்படியே பொருந்தும்னு இல்ல. காண்ட்ராக்ட் சட்டம் 74வது பிரிவுப்படி எழுதி வெச்ச தொகைங்கறது உச்ச வரம்பு மாதிரி, கோர்ட்டு நியாயமான நஷ்டத்ததான் குடுக்க சொல்லும். அதனால நிஜமா கட்டுன ஃபீஸ் எவ்வளவோ அவ்வளவுதான், ஒவ்வொரு வருசம் வேலை பாக்க பாக்க அது குறையணும்னு மாத்த சொல்லுங்க. அவங்களே வேலைய விட்டு தூக்குனா ஒத்த ரூவா கட்ட வேண்டியதில்லைங்கற வரி இருக்கான்னும் பாருங்க, முக்காவாசி பாண்ட்ல இருக்காது. செக் மட்டும் குடுத்துராதீங்க, நாளைக்கு அவங்க தொகைய எழுதி போட்டு பவுன்ஸ் ஆனா 138 கேஸ், அதாவது செக் மோசடி மாதிரி கிரிமினல் கேஸ், அலைச்சலே தண்டனை.

கவுண்டர் நம்பர் 3:
எங்க பேங்க்ல ஜேஏஐஐபி, சிஏஐஐபின்னு பேங்க் ஊழியர்களுக்கான பரீட்சை பாஸ் பண்ணா எழுதுன ஃபீஸ திருப்பி குடுத்து இன்கிரிமெண்டும் போடறாங்க, பாண்டெல்லாம் கிடையாது. அந்த மாதிரி பாஸ் பண்ண அப்பறம் ஃபீஸ் குடுங்கன்னு கேட்டு பாருங்களேன், கம்பெனிக்கும் பயம் இருக்காது. அப்பறம் முக்கியமா, பி.இ. முடிச்சா பதவி மாத்துவாங்களான்னு கேட்டீங்களா? எங்க மாமா பையன் முடிச்சு 2 வருசமா இன்னும் சூப்பர்வைசராவே இருக்கான்.

சிட்கோ பையன்:
இன்னைக்கு பேசிட்டேனுங்க. பதவி பத்தி கேட்டதுக்கு அப்ப பாக்கலாங்கறாங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு. ஃபீஸ் நானே கட்டிக்கறேன், பாண்ட் வேண்டாம், ஷிப்ட் மட்டும் எழுதி குடுங்கன்னேன், ஹெச்ஆர் முழிச்சாரு, அப்பறம் ஜிஎம் கையெழுத்தோட 1 வருசத்துக்கு குடுத்திருக்காங்க, வருசா வருசம் புதுசு வாங்கணுமாம். அப்பா பொழைக்க தெரியாதவன்னு காலைல இருந்து திட்டிட்டே இருக்காரு.

பழைய ஃபோர்மேன்:
திட்டட்டும் விடு. லெட்டர ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்க. முதல் செமஸ்டர் கணக்கு பேப்பர மட்டும் அரியர் வெச்சுராத, நான் அத நாலு தடவ எழுதுனேன்.