ராணுவச் செலவு பற்றிப் புளியங்கொட்டை வாக்கெடுப்பு: பலகையில் 8 போடுவதா, 13 போடுவதா?

பாலாற்றங்கரை:
ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, 6 மணி முதல் 10 வரை, காட்பாடி உழவர் சந்தைக்கு வெளியே மேசை போடலாம் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு. அமெரிக்காவில் வருமான வரிக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15ஐ ஒட்டிப் போர் எதிர்ப்புக் குழுக்கள் தபால் நிலைய வாசலில் நடத்தும் காசு வாக்கெடுப்புதான் மாதிரி. ஆளுக்குப் பத்துச் சில்லறைக் காசு கொடுத்து, எந்தத் துறைக்கு எவ்வளவு போகவேண்டும் என்று ஜாடிகளில் போடச் சொல்வார்கள். நாம் காசுக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு 20. ராணுவம், மருத்துவம், கல்வி, நூறு நாள் வேலை, வட்டி என ஐந்து டப்பா. போட்டு முடித்தவருக்குப் பலகையைத் திருப்பிக் காட்டுவோம்: 2025-26 மத்திய பட்ஜெட் 50,65,345 கோடி, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி, நூற்றுக்கு 13.45. சுகாதார அமைச்சகத்துக்கு 99,859 கோடி, நூற்றுக்கு 2 கூட இல்லை. ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை பள்ளி கட்டலாம் என்றும் ஒரு வரி. ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

தணிக்கைக்காரன்:
ஓட்டை அந்த 13.45இலேயே இருக்கிறது. யாராவது போனை எடுத்து அதே 2025-26 பட்ஜெட்டின் ‘ஒரு ரூபாய் எங்கே போகிறது’ வட்டப்படத்தைக் காட்டுவார். அதில் பாதுகாப்புக்கு 8 பைசா என்றுதான் இருக்கும். “பொய்க் கணக்கு” என்று ஒருவர் சொன்னால் போதும், மேசையைச் சுற்றிக் கூட்டம் கலைந்துவிடும்.

இரண்டு எண்ணும் சரிதான். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள் (நாடாளுமன்றத்திடம் துறைவாரியாகப் பணம் கேட்கும் பட்டியல்கள்), எண் 19 முதல் 22 வரை. சிவில் பிரிவு 28,682 கோடி, படைகளின் வருவாய்ச் செலவு (சம்பளம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவு) 3,11,732 கோடி, மூலதனச் செலவு (ஆயுதம், விமானம் போன்றவை வாங்க) 1,80,000 கோடி, ஓய்வூதியம் 1,60,795 கோடி. வட்டப்படம் இந்த நான்கில் நடுவில் உள்ள இரண்டை மட்டும் எடுக்கிறது, அதாவது 4,91,732 கோடி. வகுக்கும் தொகையும் வேறு. மாநிலங்களுக்குப் போகும் வரிப்பங்கு சுமார் 14.22 லட்சம் கோடியையும் சேர்த்து 65 லட்சம் கோடிக்கு நெருக்கமான தொகையால் வகுக்கிறார்கள். அப்படித்தான் 7.6 வந்து 8 பைசா ஆகிறது. பலகையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் வித்தியாசம் என்று இரண்டே வரியில் எழுதுங்கள்.

சுபேதார்_ஓய்வு:
தம்பி, எனக்கு இந்த நிகழ்ச்சியின் அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை. வேலூர் மாவட்டத்தில் போய் ஓய்வூதியத்தை ‘ராணுவச் செலவு’ டப்பாவில் சேர்க்கிறீர்கள். வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. அந்த 1.6 லட்சம் கோடி பீரங்கி வாங்கும் பணம் இல்லை, 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டுப் பணம்.

இன்னொன்று. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, கல்வி பொதுப் பட்டியலில். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கு 78,572 கோடி. தமிழ்நாடு ஒரு மாநிலம் மட்டும் அதே ஆண்டு பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கியிருக்கிறது. எல்லைக் காவலுக்கு எந்த மாநிலமும் பணம் போடுவதில்லை. மத்திய பட்ஜெட்டை மட்டும் வைத்து ‘ராணுவம் 13, மருத்துவம் 2’ என்பது ஆளை ஏமாற்றும் ஒப்பீடு. நாட்டின் மொத்த உற்பத்தியில் பார்த்தால் 6.81 லட்சம் கோடி 1.9 சதவீதம்தான். நாடாளுமன்ற நிலைக்குழு 3 சதவீதம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதையும் எழுதுவீர்களா?

பாலாற்றங்கரை:
எழுதலாம் ஐயா. ஆனால் ஓய்வூதியத்தை நீக்க முடியாது. ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான சிப்ரி உலக நாடுகளை ஒப்பிடும்போது ஓய்வூதியத்தையும் சேர்க்கிறது, நம் உள்துறையின் கீழ் வரும் எல்லைக் காவல் படை போன்ற துணை ராணுவத்தையும் சேர்க்கிறது. 2024இல் இந்தியா 8,610 கோடி டாலரோடு ஐந்தாம் இடம் என்பது அந்தக் கணக்குதான். படைவீரரின் ஓய்வூதியமும் வரிப்பணம்தானே?

தணிக்கைக்காரன்:
இதில் சுபேதார் ஐயா சொல்வதே சரி. மத்திய அரசின் சிவில் ஊழியர் ஓய்வூதியம் தனி மானியக் கோரிக்கையில் வருகிறது. சுகாதார அமைச்சகத்தின் 99,859 கோடியில் அது முழுதாகச் சேராது. ஒரு பக்கம் ஓய்வூதியத்தோடும் மறுபக்கம் இல்லாமலும் ஒப்பிடக் கூடாது. சிப்ரி கணக்கை நாடுகளுக்கு இடையே வைத்துக்கொள்ளுங்கள். துறைகளுக்கு இடையே என்றால் ஓய்வூதியத்துக்கு ஆறாவது டப்பா வையுங்கள்.

சந்தைமேடு:
எண் இருக்கட்டும், கொட்டைக்கு வருவோம். ஆளுக்கு 20 என்றால் ஒரு கொட்டை நூற்றுக்கு 5 ரூபாய். 2025-26 மருத்துவ ஒதுக்கீட்டைக் காட்ட அரைக் கொட்டை கூட வேண்டாம். 50 கொடுங்கள், ஒன்று 2 ரூபாய். அரசு வாங்கிய கடனுக்கு வட்டி 12.76 லட்சம் கோடி, அதாவது 13 கொட்டை. அது கட்டியே தீரவேண்டிய பணம். அதை வாக்குக்கு விட்டால் எல்லோரும் சுழியம் போடுவார்கள், முடிவு பயனற்றுப் போகும். 13ஐ முன்பே மூடிய டப்பாவில் போட்டுக் காட்டிவிட்டு மீதி 37ஐ மட்டும் கையில் கொடுங்கள்.

டப்பா கண்ணாடியாக இருக்கவே கூடாது. முன்னால் போட்டவர்களின் மட்டம் தெரிந்தால் பின்னால் வருபவர் நிறைந்த டப்பாவிலேயே போடுவார். பழைய பெயின்ட் டப்பா, மூடியில் எட்டணா அளவுக்குத் துளை. துளை பெரிதானால் பிள்ளைகள் கைப்பிடியாகக் கொட்டிவிடுவார்கள். வரிசையில் முதலில் இருக்கும் டப்பாவுக்கு எப்போதும் கூடுதலாக விழும், அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். 37 கொட்டை போட ஒருவருக்கு இரண்டு நிமிடமாவது ஆகும். ஒரே மேசை என்றால் காய்கறிப் பையோடு யாரும் நிற்கமாட்டார்கள், இரண்டு செட் வையுங்கள். முன்கூட்டியே 37ஆக எண்ணிச் சின்னப் பொட்டலம் கட்டிவிடுங்கள். முடிந்ததும் எண்ண வேண்டாம்: காய்ந்த கொட்டை நூறை நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு, டப்பா எடையை அதனால் வகுங்கள். ஈரக் கொட்டை கலந்தால் எடை ஏமாற்றும்.

அனுமதி: காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு, குறைந்தது பத்து நாள் முன்பே; முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒலிபெருக்கி கேட்டால் அதற்கு வேறு அனுமதி, அதனால் மைக்கே வேண்டாம். சந்தை வாசலை அடைத்து பிளெக்ஸ் கட்டினால் முதல் புகார் வியாபாரிகளிடமிருந்தே வரும், மூன்றடி அட்டை போதும். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் தேதியைத் தள்ளுங்கள்.

சுபேதார்_ஓய்வு:
இவ்வளவு கவனமாகச் செய்தாலும், ‘எவ்வளவு’ என்று மட்டும் கேட்கிறீர்களே, ‘எப்படி’ என்று கேட்கவில்லை. 2024-25இல் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 1,72,000 கோடி. பிறகு அரசே கணக்கைத் திருத்திப் போட்ட திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாக இறங்கிவிட்டது. கொடுத்த பணத்தையே முழுக்கச் செலவழிக்கவில்லை என்பது மக்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை பள்ளி என்று பலகை எழுதுவதும் தவறு. அந்த விலை ஒரே ஆண்டில் போவதில்லை, தவணை தவணையாகப் பல பட்ஜெட்டில் போகிறது.

பாலாற்றங்கரை:
விமானம், பள்ளி ஒப்பீட்டை எடுத்துவிடுகிறேன். ஓய்வூதியம் ஆறாவது டப்பா. தமிழ்நாட்டின் 46,767 கோடியும் 8, 13.45 இரண்டும் பலகையில் வரும். முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று ஒரு தனி அட்டையும் வைக்கிறேன். ஆனால் துறைகளை ஒப்பிடும் வாக்கெடுப்பு நிற்காது. வரி கட்டுபவர் முன்னுரிமை சொல்வதற்கு இது ஒன்றுதான் வழி.

சுபேதார்_ஓய்வு:
அப்படியானால் கொட்டை கொடுக்கும் முன் ‘இப்போது எவ்வளவு போகிறது என்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்த்தபின் கேட்டால் அந்த விடைக்கு மதிப்பில்லை. ஒப்பீடு தவறு என்ற என் கருத்து மாறவில்லை. அதையும் அட்டையாக எழுதித் தருகிறேன், மேசையில் வைப்பீர்களா?

பாலாற்றங்கரை:
வைக்கிறோம் ஐயா. இருபது வரிக்குள், பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள்.